எங்கள் தெரு எவ்வளவு உயரம்? மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் எங்கள் வார்டின் மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தெருவுக்குப் புதிய தார்ச்சாலை ஒதுக்கியிருப்பதாக அறிந்தோம். மகிழ்ச்சி. ஆனால், இருக்கிற சாலையின் தலைமேலேயே இன்னொரு சாலையை ஏற்றுவதுதான் திட்டம் என்றால், அந்தச் சாலை எங்களுக்கு வேண்டாம். தெரு குண்டும் குழியுமாகவே கிடக்கட்டும். குழியில் நிற்கும் தண்ணீர் குழியோடு போகும், வீட்டுக்குள் வராது.

சென்னையின் தெற்குப் புறநகரில், ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் நகர். மதகு திறந்தால் தண்ணீர் எந்த வயல்களுக்குப் பாய்ந்ததோ, அந்த ஆயக்கட்டு நிலத்தில்தான் எங்கள் வீடுகள் நிற்கின்றன. மனை பிரித்தவர்கள் வரப்பை அழித்தார்கள், வாய்க்காலையும் சேர்த்து அழித்தார்கள். ஆகவே தண்ணீர் எங்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. அந்த இரண்டையும் நாங்கள் உங்கள் கணக்கில் எழுதவில்லை. நாங்கள் பேசுவது சாதாரண ஐப்பசி மழையைப் பற்றி. முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும் மழைக்கே இன்று கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ஏரி உடைந்ததாலோ, நிரம்பிக் கலங்கல் வழிந்ததாலோ வருவதில்லை இது. தெருவில் பெய்து, தெரு உயர்ந்துவிட்டதால் வீட்டுக்குள் இறங்கும் தண்ணீர்.

எங்கள் தெருவின் நடுவில் தொண்ணூறுகளில் கட்டிய ஓட்டுத் தாழ்வார வீடு ஒன்று இருக்கிறது. கட்டிய புதிதில் மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக முடியும். இன்று தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். படிகளை யாரும் இடிக்கவில்லை. மூன்றும் தாருக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பாட்டி இப்போது வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்புக் கட்டியிருக்கிறார். வெளியே வர வேண்டுமானால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, கொஞ்சம் நின்று, பிறகு மற்ற காலை எடுத்து வைக்கிறார். பால் பாக்கெட் வாங்குவதற்கும் இதே பாடுதான். மழைக்காலத்தில் தடுப்புக்கு உள்பக்கம் ஊறிவரும் தண்ணீரை இறைக்க ஒரு பிளாஸ்டிக் குவளையும் வாளியும் கதவோரத்தில் தயாராக இருக்கின்றன.

கையில் பணம் இருப்பவர்கள் வேறு வழி கண்டுவிட்டார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டையே மூன்றடி, நான்கடி தூக்குகிறார்கள். எங்கள் பகுதியில் அது இப்போது வேடிக்கை பார்க்கக்கூட ஆள் சேராத அளவுக்குப் பழகிப்போன காட்சி. வீட்டைத் தூக்கியவர் அடுத்ததாக முற்றத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குகிறார். அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வங்கிக் கடன் வாங்கி அவரும் தூக்குகிறார். கடைசியில் தண்ணீர் வந்து சேரும் இடம், கடன் கிடைக்காதவரின் வீடு. ஒரு தெருவின் வெள்ளப் பிரச்சினையை அந்தத் தெருவின் ஏழைமீது தள்ளிவிடுவதற்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. இது எதுவும் மாநகராட்சியின் வரவு செலவுக் கணக்கில் வராது.

ஒரு முறை மேல்பூச்சுப் போட்டால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறுகிறது. அடியில் சமன் செய்யும் அடுக்கும் ஜல்லியும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதைத் தடுக்க வழி தெரியாமல் யாரும் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறோம். உட்புறத் தெருக்களுக்கு அது வருவதில்லை. 'தெரு குறுகல், இயந்திரம் திரும்பாது' என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி மட்டும் எப்படித் திரும்புகிறது என்று நாங்கள் கேட்டோம். பதில் இல்லை. மதிப்பீட்டில் சுரண்டுவதற்கென்று தொகை காட்டப்பட்டிருக்கிறதா, காட்டப்பட்டிருந்தால், முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் அது எப்படி ஏறியது என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பொதுப் பணியின் மதிப்பீடு இரகசிய ஆவணம் கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காம் பிரிவு, இதுபோன்ற விவரங்களை யாரும் கேட்பதற்கு முன்பே வெளியிடச் சொல்கிறது. நாங்களோ மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்கிறோம்.

அடுத்தது மழைநீர் வடிகால். சாலையைப் போட்டவர் ஒருவர், வடிகாலைக் கட்டியவர் வேறொருவர், பாதாள சாக்கடைக்குத் தோண்டியவர் மூன்றாமவர். குடிநீர்க் குழாய்க்காரர்களும் கேபிள் பதிப்பவர்களும் தனி. ஒவ்வொருவரும் தத்தம் வேலையை முடித்துப் பட்டியல் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதன் விளைவைக் காண எங்கள் தெருமுனைக்கு வாருங்கள். வடிகாலின் மேல்மூடி சாலையைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போக விட்ட துளைகள் அதைவிடக் கொஞ்சம்தான் கீழே. சாலையின் சரிவோ எதிர்ப்பக்கம். மழை பெய்யும்போது வடிகால் ஓரம் காய்ந்திருக்கும், வீட்டோரம் ஆறு ஓடும். ஒரு வீடு கட்டும் கொத்தனார்கூட ரசமட்டமும் தண்ணீர் நிரப்பிய டியூபும் இல்லாமல் தரை போட மாட்டார். கோடிக்கணக்கில் செலவாகும் ஒரு தெருவுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

மழைநீர் போகாத அந்த வடிகாலுக்குள் என்னதான் ஓடுகிறது? மூடி உடைந்த இடத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். வெயில் காலத்திலும் சாம்பல் நிறத்தில் சோப்பு நுரையோடு ஓடுகிறது. பக்கச் சுவரில் துளை போட்டு நுழைத்த பி.வி.சி. குழாய்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றிலிருந்து வருவது குளியலறைத் தண்ணீர் மட்டும் அல்ல. குழாய்களை நுழைத்தவர்கள் வெளியூர்க்காரர்களா? எங்கள் தெருக்காரர்கள்தான். காரை ஏற்றுவதற்காக வடிகாலின் மேலும் சாலையின் மேலும் சிமெண்டுச் சாய்தளம் போட்டு, இருந்த துளைகளையும் அடைத்தவர்கள் இவர்களே. வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் காட்டி வரைபட அனுமதி வாங்கிவிட்டு, அந்த இடத்தில் அறை கட்டி வாடகைக்கு விட்டவர்களும் உண்டு; அவர்களுடைய கார் இரவு பகலாகத் தெருவில் நிற்கிறது. மாநகராட்சியைத் திட்டும்போது உரத்த குரல் இவர்களுடையதாகத்தான் இருக்கிறது என்பதைத் தெருக்கூட்டத்தில் சொல்லிப் பகையையும் சம்பாதித்துக்கொண்டோம். சாய்தளங்களை இடிக்க ஆள் அனுப்புங்கள். குழாய்களை அடையுங்கள். எங்களில் யாராவது வட்டச் செயலாளரைப் பிடித்து நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: தெருவில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை இடிக்க வேண்டும், பெரிய வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

பூங்காவுக்கென்று மனைப் பிரிவில் விட்ட இடத்துக்கு வேலி போடுவது, சேகரித்த இலைச் சருகுகளைத் தூய்மைப் பணியாளர்களே கொளுத்த நேர்வது, தெருவிளக்கு, நாய்கள் என்று இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் தனித்தனி மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. செல்பேசிச் செயலியில் பதிந்த புகார்களும் இருக்கின்றன. அவை அனைத்தும் 'தீர்வு காணப்பட்டது' என்று முடித்துவைக்கப்பட்டன. தீர்வைக் கண்டவர் யார் என்று எங்களுக்கும் காட்டினால் நன்றாக இருக்கும்.

இவற்றையெல்லாம் முகத்துக்கு முகம் பேசுவதற்கென்றே ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் பகுதி ஊராட்சியாக இருந்தபோது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராம சபை. சண்டை நடக்கும், நாற்காலி பறக்கும், ஆனாலும் கணக்கைப் படித்துக் காட்டுவார்கள். மாநகராட்சியோடு சேர்ந்ததும் அது போயிற்று. நகரங்களில் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபாவுக்கான சட்டம் 2010-இல் வந்தது; விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே மக்களோடு உட்கார்ந்தார். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறிக்கப்பட்டன.

எங்கள் பகுதியில் அது எப்படி நடக்கிறது? வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு, கட்சிக்காரர் ஒருவரின் கல்யாண மண்டபத்தில். அறிவிப்பு முந்தின நாள் இரவு, அதுவும் சிலருக்கு மட்டும். போனால், வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். தீர்மானங்கள் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருக்கின்றன. பகுதிப் பிரதிநிதியை மாமன்றம் நியமிக்கிறது என்பதால் அவருக்கு எங்கள் முகம் பழக்கமில்லை, எங்களுக்கு அவர் பெயர் தெரியாது.

உறுப்பினர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று 2016-இல் சட்டம் செய்தார்கள். 2022 பிப்ரவரியில் நீங்கள் வாக்குக் கேட்டு வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் உங்களோடு வீடு வீடாக நடந்தார்கள். நீங்களும் இங்கேதான் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர் என்பதால் நடந்தார்கள். இப்போது உங்கள் எண்ணுக்கு அழைத்தால் உங்கள் கணவர் பேசுகிறார். பகுதி சபாவில் நடுநாற்காலியில் அவர் உட்காருகிறார். பொறியாளர் அவரைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார், அதில் குறையில்லை. ஆனால் நாங்கள் வாக்களித்தது உங்களுக்கு. உங்களோடு பேச விரும்புகிறோம், அம்மா.

ஆணையர் அவர்களுக்கு எங்கள் கோரிக்கை, எல்லாவற்றையும்விட முதன்மையானது, இது. ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவின் இரண்டு முனைகளிலும் அப்படி ஓர் உயரத்தைப் பொறித்துக் கல் நடுங்கள். சாலையின் நடுப்பகுதி இந்த மட்டத்தைத் தாண்டக் கூடாது, வடிகாலின் நுழைதுளைகள் இந்த மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அதே கல்லில் இரண்டு வரி எழுதுங்கள். இனி எந்தத் துறை தோண்டினாலும், எந்த ஒப்பந்ததாரர் வந்தாலும், பணம் வாங்குவதற்கு முன் அந்தக் கல்லுக்கு எதிரே மட்டம் வைத்துக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய நிதி தேவையில்லை. ஒரு தெருவுக்கு மேல்பூச்சுப் போடும் செலவில் ஒரு வார்டு முழுக்கக் கல் நட்டுவிடலாம். எங்களிடமும் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமானால் தாளோடு வருகிறோம். 2022-இல் சொத்து வரியை 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தினீர்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். ஏப்ரல் மாதத்திலேயே கட்டி ஊக்கத்தொகை வாங்குபவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

வரும் செப்டம்பர் 15 பகுதி சபாவை வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய கடைசி வாய்ப்பாகக் கருதுகிறோம். வழக்கம்போல அக்டோபரில் தோண்டத் தொடங்கினால் பள்ளத்தில் தண்ணீரும், தண்ணீரில் எங்கள் பிள்ளைகளும் விழுவார்கள். ஆகவே சாலை மதிப்பீட்டின் நகலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு, மாநகராட்சி ஆரம்பப் பள்ளி வளாகத்தில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். உதவிப் பொறியாளர் அன்று மாலை நான்கு மணிக்கே மட்டக் கருவியோடு வரட்டும். முக்காலியைப் பாட்டி வீட்டு வாசலில் நிறுத்தலாம், அங்கிருந்து இரண்டு முனையும் தெரியும். அளவுகோல் பிடிக்க ஆள் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்குக் கீழே குடியிருப்போர்