நாற்பது நாற்காலி உங்களுக்குப் போதாது, சார்

வணக்கம் சார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் பழைய வண்ணாரப்பேட்டை டியூஷன் சென்டர் மாடியில் விலைவாசி பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருப்பவன், கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருகிறவன் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். மொத்தமே நாற்பது நாற்காலி, அதிலும் பாதி காலி. வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால் அங்கேயும் விலைவாசிதான் பேச்சு, நாலு கட்சிக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்துகிறார்கள், ஒரு மணி நேரம் ஓடியும் விலை ஏன் ஏறியது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்து விளக்கியதை அவர்கள் யாராவது பத்து நிமிஷம் கேட்டிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை எகிறும், வியாபாரி கொள்ளையடிக்கிறான் என்று நாங்கள் திட்டுவோம், வருஷா வருஷம் நடப்பதுதான். ஏலம் கூறுகிறவர் விலையைத் தன் பையிலிருந்து எடுப்பதில்லை, கரைக்கு எவ்வளவு மீன் வந்தது, வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான் உரக்கச் சொல்கிறார் என்றீர்கள். இங்கே விலை ஏறுவதால்தான் கேரளாவிலிருந்து ஐஸ் போட்ட மீன் லாரி இவ்வளவு தூரம் வருகிறது, ஏனென்றால் அந்தக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் ஆரம்பம். விலையை அடக்கி வைத்தால் அந்த லாரி கிளம்பாது, நமக்கு மலிவான மீனும் கிடைக்காது, மீனே கிடைக்காது. எங்கள் அத்தை முப்பது வருஷம் கூடையில் மீன் விற்றவர். அன்று ராத்திரி அவரிடம் இதைச் சொன்னேன். “இத்தனை வருஷம் நான் செஞ்சதைத்தானே அவர் சொல்றாரு” என்றார். உங்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வாடகை விஷயம் என்னை இன்னும் தூங்கவிடவில்லை. நான் வளர்ந்தது முத்தியால்பேட்டையில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அப்பா கடைசிவரை சொல்வார், அது உண்மைதான், நாளைக்குக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் மழை வந்தால் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகும், அண்டாவையும் குண்டானையும் வரிசையாக வைப்போம், வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார், அவரை நான் சின்ன வயதில் எவ்வளவு வெறுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கொத்தனார் கூலிக்குக்கூடக் காணாத வாடகையை வாங்கிக்கொண்டு அவர் எதைக் கொண்டு கூரை போடுவார் என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதற்கும் மேலே ஒன்று கேட்டீர்கள்: வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்று பயந்து வீட்டைப் பூட்டியே வைத்தார்களே, அந்த வீட்டுக்குக் குடிவந்திருக்க வேண்டிய குடும்பம் எங்கே போனது? எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அந்தக் குடும்பம் யார் கண்ணிலும் படவில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழையதை நீக்கிவிட்டது என்பதே எங்கள் தெருவில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

ராஜாஜி பேச்சை நீங்கள் எடுத்தபோது நாலு பேர் முகம் சுளித்தார்கள், எனக்கும் சுளித்தது. குலக்கல்வித் திட்டம் தப்புதான் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் 1952-ல் அவர் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதையும், 1959-ல் இதே சென்னையில் சுதந்திரா கட்சி தொடங்கி, தொழில் செய்ய எதற்கும் அரசு அனுமதி கேட்க வைத்த பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்தை எதிர்த்ததையும் சொன்னீர்கள். பிடிக்காதவர் சொன்னாலும் சரியானதைச் சரி என்று ஒத்துக்கொள்கிற இந்தக் குணத்தை டிவியில் நான் பார்த்ததே இல்லை. அந்த ராஜ்யம் தளர்ந்த 1991-க்கு முன் துறைமுகத்தில் கிளியரிங் வேலையில் இருந்தவர் நீங்கள், சரக்குக்கு ஒரு விலை, அதை இறக்கும் லைசென்ஸ் தாளுக்கு ஒரு விலை என்று நேரில் பார்த்தவர், அதனால் உங்கள் பேச்சில் புத்தக வாடை இல்லை.

எண்ணூர்த் தம்பி எழுந்து கேட்ட கேள்வியை விட்டுவிட முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆலை எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் அப்பிக்கொண்டதே, இதுவும் நீங்கள் ஆதரிக்கிற சுதந்திரச் சந்தைதானா என்று கேட்டார். அடுத்தவர் பிழைப்பில் கழிவைக் கொட்டிவிட்டு அதற்குக் காசு கொடுக்காமல் போவதற்குப் பெயர் திருட்டு, அரசு ஆலையோ தனியார் ஆலையோ, கெடுத்தவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்றீர்கள். நல்ல பதில்தான், ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை சார். நஷ்டஈடு கைக்கு வருவதற்குள் வலைக்காரர் கடனில் மூழ்கிவிடுவார், முன்கூட்டியே தடுக்கிற கண்காணிப்பு வேண்டும் என்பது என் வாதம். நான் இதைச் சொன்னதும் கோபப்படாமல் நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பேச வேண்டிய இடம் இந்த மாடி மட்டும் கிடையாது.

கூப்பிட்டால் போவேன், நானாகப் போய்க் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். தயவுசெய்து கேளுங்கள் சார். பட்ஜெட் அன்று மட்டும் கோட்டு போட்ட நிபுணர்களைக் கூட்டிவந்து எங்களுக்குப் புரியாத மொழியில் பேச வைக்கிறார்கள், கூடைக்காரருக்கும் கடைக்காரருக்கும் அவர்கள் மொழியிலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் சேனல் ஆபீஸ்களுக்கு நான் போய்க் கேட்கிறேன், கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். கையில் கொடுக்க ஒரு பதிவு வேண்டும், அவ்வளவுதான். என் மைத்துனர் கல்யாண வீடியோ எடுப்பவர், நல்ல கேமராவும் மைக்கும் வைத்திருக்கிறார். ஏப்ரல் 15-க்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேடு வந்துவிடுங்கள், ஏலம் நடக்கும்போதே நின்று பேசலாம். அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.