சமூகக் கல்லூரி என்றால் முகம் சுளிப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம். நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். மகள் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை முடித்துவிட்டாள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டணத் தாளையும் வீட்டுச் செலவு நோட்டையும் மேசைமேல் வைத்து, மூன்று இரவாக நானும் மனைவியும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். குலை குறைந்தால் என் சம்பளம் குறையும். மோட்டார் சைக்கிள் தவணை குறையாது.

இங்கே சுங்கை சிப்புட்டிலேயே, தொழில்திறன் கற்றுத்தரும் அரசாங்கச் சமூகக் கல்லூரி இருக்கிறது. வாடகை அறை வேண்டாம், வீட்டுச் சோறு. “அதெல்லாம் மார்க் எடுக்காத பிள்ளைகளுக்கு” என்றார் கோயில் வாசலில் ஒருவர். அவர் மகன் பட்டத்தோடு பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனையும் சுமந்துகொண்டு இன்னும் வேலை தேடுகிறான். மரியாதைக்காகச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சான்றிதழ் முடித்தால் போலிடெக்னிக்கில் டிப்ளோமா, பிறகு பட்டம் என்று மேலே போகவும் வழி உண்டு. இந்தக் கல்லூரிகள் 2001-இல் தொடங்கியவை. இத்தனை வருடம் கழித்தும் நம் தோட்டத்துப் பெற்றோருக்கு இது தெரியவில்லை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, தோட்ட மண்டபங்களில் தமிழில் விளக்கம் தர நம் சங்கங்கள் முன்வர வேண்டும்.

மகளுக்குப் பேஸ்ட்ரி படிக்கத்தான் ஆசையாம். அது எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று இன்றிரவு கைப்பேசியில் தேட வேண்டும்.

லாரி ஓட்டும் தகப்பன்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா