பள்ளத் தோட்டத்து உறைபனிச் சேதத்தைப் பள்ளத்திலேயே அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் பகுதி
பள்ளத் தோட்ட விவசாயிகள், கறவை வளர்ப்போர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்.

பொருள்: உறைபனியால் கருகிய மலைக்காய்கறிப் பயிர்களையும் தீவனப் புல்லையும் உரிய நேரத்தில், உரிய இடத்தில் அளந்து நிவாரணம் வழங்கவும், பள்ளங்களில் தரைமட்ட வெப்பமானி வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முன்பு அளித்த மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. உதகையிலிருந்து எமரால்டு போகும்போது சாலைக்குக் கீழே தெரியும் பள்ளத் தோட்டங்கள்தான். சரிவில் தேயிலை, பள்ளத்தில் கேரட், உருளை, பூண்டு, பீட்ரூட், முட்டைக்கோஸ், ஓடைக்கரையில் மேய்ச்சல் புல். முன்பு அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு தவிர வேறு பதில் வராத நிலையில், கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறோம்.

1. உயரம் கூடினால் குளிர் கூடும் என்பது பொதுவான கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். சுமார் 325 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்தைவிட, 2,000 மீட்டரைத் தாண்டிய எங்கள் மலை 11, 12 டிகிரி குளிர்ந்திருப்பது அதனால்தான். மார்கழி, தை இரவுகளில் மலைக்குள்ளேயே இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றசையாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வேகமாக இழக்கிறது. மலைக்காற்று அடர்த்தி குறைந்தது. அதில் ஈரமும் வற்றிவிட்டதால் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க மேலே எதுவும் இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. குறுக்கே சாலை மேடோ தடுப்புச் சுவரோ இருந்தால் அதற்கு மேற்புறம் இன்னும் ஆழமாகத் தேங்கும். சரிவில் தேயிலை பச்சையாக நிற்க, 40, 50 மீட்டர் கீழே கேரட் தழை வெந்தது போல் கிடப்பது இப்படித்தான்.

2. எங்கள் பகுதிக்குக் கணக்கில் எடுக்கப்படும் வெப்பமானி பள்ளத்தில் இல்லை. மேலே சரிவில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் வைப்பது வானிலைத் துறையின் முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. கேரட் தழை நாலடி உயரத்தில் இல்லை ஐயா, ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. தெளிந்த இரவில் பெட்டிக்குள் 3 டிகிரி காட்டும்போது புல்மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 1, 2 டிகிரி போய்விடும். சரிவுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் அதற்குமேல் தனி. உருளை இலை சாக அந்த 1, 2 டிகிரி போதும். பதிவேட்டில் 3 டிகிரி, பாத்தியில் ஐஸ். "உறைநிலை பதிவாகவில்லை" என்று ஒரே வரியில் எங்கள் மனு முடிந்துபோகிறது.

உறைபனியும் குளிரலையும் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலிலேயே உள்ளன. சேதம் 33 சதவீதத்தை எட்டினால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது 2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதி. ஏக்கருக்கு 7,000 ரூபாய்கூட வராது. ஓர் ஏக்கர் உருளைக்கு விதைக்கிழங்கு மட்டுமே 1,200 முதல் 1,400 கிலோ வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அந்தச் சிறு தொகையைக் கேட்பதற்கே ஒரு பதிவு வேண்டும், அந்தப் பதிவு தவறான இடத்தில் எடுக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் முதல் குறை.

3. எங்களை அதிகம் வாட்டுவது அளக்க வரும் நாள். இதைத் தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

உறைபனி பட்ட உருளை இலை காலை 7 மணிக்குக் கரும்பச்சையாக, நீர் கோத்தது போல் தெரியும். வெயில் ஏறியதும் துவளும். மதியத்துக்குள் கறுத்துத் தொங்கிவிடும். அன்று வந்து பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எட்டு, பத்து நாள் கழித்து வந்தால் அடிக் கணுக்களிலிருந்து புதுத் தளிர் விட்டிருக்கும். சாலையில் நின்று பார்த்தால் தோட்டம் பச்சை. "பயிர் மீண்டுவிட்டது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மீளவில்லை ஐயா. கிழங்கு பருக்க வேண்டிய சத்தை இழுத்துத்தான் அந்தத் தளிர் வருகிறது. ஆவணி, புரட்டாசியில் நட்ட கடைபோகப் பயிர் மார்கழியில் சரியாகக் கிழங்கு பருக்கும் கட்டத்தில் இருக்கும். இந்தக் குளிரில் பயிர் முடிய 120 நாள் ஆகும். அதில் மூன்று வாரம் போதிய இலையில்லாமல் நின்றால் தோண்டும்போது கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு கிடைக்கும்.

அந்தச் சிறு கிழங்கை விதைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று ஆலோசனை வேறு சொன்னார்கள். 1961-இல் இந்த மலையில் உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அதன் கூடும் போகும், ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு யோசனையை எங்களிடம் சொல்லலாமா?

கேரட்டில் சேதம் இன்னும் மறைவாக இருக்கும். தழை கருகியது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கு வெளியே தெரியும் தோள்பகுதி உறைந்து இளகியது தெரியாது. பிடுங்கிக் கழுவும் இயந்திரத்தில் போடும்போதுதான் தோளில் வெடிப்பும் நீர்க்கசிவும் தெரியும். மூட்டையில் இரண்டு நாள் இருந்தால் அழுகல். மண்டியில் அந்த மூட்டையைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். இளம் பயிராக இருந்து நீண்ட குளிர் பட்டால் வேறொரு கேடு: கிழங்கு பருக்கும் முன்பே பூத்தண்டு கிளம்பி, நடுத்தண்டு கட்டை போல் ஆகிவிடும். பீன்ஸ் ஓர் இரவில் முடிந்துவிடும், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பூண்டும் முட்டைக்கோசும் ஓரளவு தாங்கும். அவற்றுக்கு நாங்கள் நிவாரணம் கேட்கவும் இல்லை. தாங்காத பயிருக்குத்தான் கேட்கிறோம்.

ஆகவே உறைபனி விழுந்து மூன்று நாளுக்குள் ஒருமுறையும், அறுவடையின்போது ஒருமுறையும், இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒருமுறைதான் வர முடியும் என்றால் மூன்று நாளுக்குள் வாருங்கள். வேனிலிருந்து இறங்கிப் பாத்திக்குள் வாருங்கள். சாலையிலிருந்து எழுத வேண்டாம்.

4. இதற்கெல்லாம் பதிலாகக் கிடைப்பது அறிவுரை. பாத்தியில் வைக்கோல் மூடாக்குப் போடச் சொல்கிறார்கள். கோடைக்கு அது நல்லது. உறைபனிக் காலத்தில் வரிசை இடையில் போடும் மூடாக்கு, மண்ணின் சூடு இரவில் மேலே வந்து இலையைச் சேர விடாமல் தடுத்து, சேதத்தைக் கூட்டும். ஈரமான, மூடாத மண்தான் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். அதனால்தான் பனி எதிர்பார்க்கும் நாளில் பிற்பகல் 3 மணிக்குள் தண்ணீர் விடுகிறோம். புகை மூட்டமும் அப்படித்தான்: கண்ணை எரிக்கும், நிலத்துச் சூட்டைப் பிடித்து நிறுத்தாது.

பயன் தருவது இரண்டு. ஒன்று, பயிரின் மேலேயே விரிக்கும் நெய்யாத வெள்ளைத் துணி. ஒன்றிரண்டு டிகிரி காக்கும், காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். பாலித்தீன் தாள் ஆகாது, இலையில் ஒட்டிய இடமெல்லாம் கருகும். இரண்டு, தெளிப்பு நீர். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி சூடு வெளியாகும். அந்தச் சூடுதான் இலையைக் காக்கிறது. ஆவியாகும்போது அதுவே ஏறத்தாழ 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். ஆகவே பூஜ்யத்தைத் தொடும் முன்பே ஆரம்பித்து, காலையில் ஐஸ் தானாக உருகும்வரை ஒரு நிமிடமும் நிற்காமல் தெளிக்க வேண்டும். பாதியில் நின்றால் தெளிக்காமலே இருந்ததைவிட மோசம். மணிக்கு 2.5 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு மணிக்கு 10,000 லிட்டர், அதிகாலை 3 மணியிலிருந்து 8 மணிவரை 50,000 லிட்டர். இதற்கு மும்முனை மின்சாரமும் தண்ணீர்க் குட்டையும் வேண்டும். மானியத்தில் தெளிப்பான் கொடுத்துவிட்டு அதிகாலை மின்சாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 5 மணிக்கு மின்சாரம் போனால் அந்தத் தெளிப்பானே எங்கள் பயிரைக் கொல்லும். இதையும் முன்பு எழுதினோம்.

5. மாடுகள். ஓடைக்கரையில் மாடு மேயும் கிக்குயூ புல் உறைபனியில் பழுப்பாகிக் காய்ந்துவிடும். மழை வரும்வரை மறுபடி தழைக்காது. இருக்கும் புல்லிலும் பனி காயும்வரை மாட்டை அவிழ்க்க முடியாது, 9 மணி தாண்டிவிடுகிறது. ஓடைத் தண்ணீர் கையை வைக்க முடியாத குளிர். மாடு குறைவாகக் குடிக்கிறது, குறைவாகக் குடித்தால் பால் குறைகிறது. உடம்பைச் சூடாக வைக்கத் தீவனமோ கூடுதலாக வேண்டும். ஈரத்தரையில் படுக்கும் கன்றுக்குச் சளி பிடித்து நுரையீரலில் இறங்குகிறது. வைக்கோல் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வருவதால் வண்டி வாடகையும் எங்கள் தலையில்தான்.

தீவன வளர்ச்சிக்கென்று கொடுத்தது கம்பு நேப்பியர் கரணை. அது வெப்ப நாட்டுப் புல் ஐயா! சமவெளியில் ஆளுயரம் வளரும். இந்தப் பள்ளத்தில் முதல் உறைபனியிலேயே தழை முழுவதும் கருகிப் போகும். எங்களுக்கு வேண்டியது தீவன ஓட்ஸ் விதை, புரட்டாசிக்குள். கீழ்நாட்டுக்கும் மலைக்கும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

6. பள்ளத்துக்கு ஒரு தரைமட்ட வெப்பமானி. புல்லுக்குச் சற்று மேலே படுக்கை வாக்கில் வைக்கும் சாராய வெப்பமானிதான், விலை பெரிதல்ல. காலையில் கிராம நிர்வாக அலுவலரோ தோட்டக்கலை உதவி அலுவலரோ பார்த்து எழுதி வைத்தால் போதும். இவ்வளவுதான் கேட்கிறோம். இதற்கா இத்தனை மனு?

ஐயா, கோபத்தில் எழுதிய சொல் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தை பிறந்துவிட்டது. அடுத்து நடும் நீர்போகப் பயிருக்கு விதைக்கிழங்கு வாங்க வேண்டிய நேரம். கடைபோகத்தில் கருகியதற்கு ஒரு பைசா வராமல் அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டு எங்கே போவது? மாசியில் அந்தப் பயிர் முளைத்து வரும்போதும் கடைசிப் பனி பாக்கி இருக்கும்.

ஆகவே, தற்போது கருகிக் கிடக்கும் பள்ளத் தோட்டங்களை மேட்டுப் பதிவை வைத்துத் தள்ளாமல் உடனே நேரில் அளக்க உத்தரவிடவும், இனி உறைபனி விழுந்து மூன்று நாளுக்குள் அளவெடுக்க நிலையான ஆணை பிறப்பிக்கவும், பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் பள்ளங்களில் தரைமட்ட வெப்பமானி வைக்கவும், மார்கழி, தை இரு மாதமும் அதிகாலை 3 முதல் 8 மணிவரை தடையில்லா மும்முனை மின்சாரம் கிடைக்கச் செய்யவும், நேப்பியர் கரணைக்குப் பதில் ஓட்ஸ் விதை வழங்கவும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். ஐந்தையும் ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால் முதலில் அளக்க ஆள் அனுப்புங்கள். கருகிய தழை இன்னும் சில நாள்தான் நிற்கும். அதற்குள் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பள்ளத் தோட்ட விவசாயிகள், கறவை வளர்ப்போர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், அடங்கல் நகல்கள், கருகிய தோட்டங்களின் தேதியிட்ட படங்கள்.