பாத்ரூம் சுவரில் அலமாரி கட்டாதீர்கள்: வீடு கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு கட்டித் தருகிற இன்ஜினியர்களே, மேஸ்திரிகளே, கார்பெண்டர்களே, வணக்கம்.

படுக்கையறையில் நீங்கள் கட்டித் தரும் சுவர் அலமாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அதைத் திறக்கும்போதே மக்கல் வாடை அடிக்கிறது. பின்சுவரில் ஓதம் ஏறி, கீழ்த்தட்டுத் துணி நமுத்து, பட்டுப்புடவை மடிப்பில் பூசணம் பூத்து, தோல் பையெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கிறது. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டிலும் இப்படித்தான், லாஸ்பேட்டையில் புது ஃபிளாட் வாங்கிய என் அக்கா வீட்டிலும் இப்படித்தான். கேட்டால், "கடலோரம்னா அப்படித்தாங்க, பாச்சை உருண்டை போட்டு வைங்க" என்று பதில் வருகிறது. பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது.

அலமாரியை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். கட்டில், ஜன்னல், ஏசி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியபின் மிஞ்சுகிற சுவரில் அலமாரி வருகிறது, அது பெரும்பாலும் பாத்ரூம் சுவராகவோ வடக்கு, கிழக்கு பார்த்த வெளிச்சுவராகவோ இருக்கிறது. நம் ஊருக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வருவது உங்களுக்குத் தெரியாததா? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை அறைகிற பக்கத்தில், அலமாரிக்கு ஆழம் கிடைக்கட்டும் என்று ஒன்பது இன்ச் சுவரை நாலரை இன்ச்சாகக் குறைத்தால் அது எப்படித் தாங்கும்? போர்வெல்லின் உப்புத்தண்ணீரையே கலவைக்கும் சுவர் நனைப்புக்கும் பயன்படுத்தினால் அந்த உப்பு சுவருக்குள் தங்கி, மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஏசி வந்தபிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீராகப் படியும். ஒரு அறையில் ராத்திரி முழுக்க 22-இல் ஏசி ஓடுகிறது, அதே சுவரின் மறுபக்கத்தில் அடுத்த அறையின் அலமாரி, உள்ளே அடைசலாகத் துணி இருப்பதால் அந்த அறையின் சூடும் சுவரை எட்டுவதில்லை, ஆக பின்சுவரும் அதில் பதித்த கடப்பா கல்லும் சில்லென்று வியர்க்கின்றன. மைக்கா ஒட்டிய பிளைவுட்டைச் சுவரோடு சேர்த்து அறைந்து கதவையும் இறுக்கமாகப் போட்டுவிட்டால் ஈரம் வெளியேற வழி ஏது? பிளைவுட் உப்பிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

அப்புறம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்புகிறீர்களே, அதையும் நிறுத்துங்கள். ஓர் அடி சதுர அலுமினிய ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். முன்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் படிகிறது, பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது. முதலாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். இரண்டாவதற்கு பாத்ரூம் பைப்பையோ வெளிச்சுவர் விரிசலையோ சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் பூசினால் அடுத்த மழையில் கொப்புளம் கிளம்பி உரிந்துவிடும்.

பழைய வீடுகளில் மர பீரோவுக்குக் கால் இருந்தது, சுவரை விட்டுத் தள்ளித்தான் வைத்தார்கள். அதைத்தான் கேட்கிறேன். பிளானிலேயே அலமாரிக்குக் காய்ந்த உள்சுவரை ஒதுக்குங்கள். வேறு வழியே இல்லை என்றால் சுவரை ஒன்பது இன்ச்சாகவே விட்டு, பிளைவுட்டுக்குப் பின்னால் இரண்டு இன்ச் இடைவெளி கொடுத்து, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து நாலு இன்ச் தூக்கி, கதவின் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். பாத்ரூமில் தண்ணீரைத் தேக்கி வைத்து, பைப்பில் பிரஷர் பார்த்து, கசிவு இல்லை என்று உறுதியான பிறகு கார்பெண்டரைக் கூப்பிடுங்கள். கட்டும்போதே செய்தால் இதற்கு ஆகிற செலவு சொற்பம். பிறகு செய்வதென்றால் அலமாரியையே பெயர்க்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களால் அதுவும் முடியாது.

ஏற்கெனவே கட்டிக் கொடுத்த வீடுகளில் குறைந்தது அந்தக் கதவுத் துளைகளையாவது போட்டுக் கொடுக்க ஆள் அனுப்புங்கள். புரட்டாசி முடிவதற்குள் வந்தால் நல்லது.