உறைபனியில் அணையும் கேமரா

ஆசிரியருக்கு,

ஊட்டி அருகே தலைகுந்தாவின் உறைபனியைப் படம்பிடிக்க விடியலில் வருவோர், ஆக்‌ஷன் கேமரா பாதியில் அணைந்ததும் பேட்டரி விற்ற கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பாவம் அவர். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை (மின்னோட்டத்துக்கு உள்ளேயே எழும் எதிர்ப்பு) கூடும்; மின்னழுத்தம் சரிந்து, சார்ஜ் மீதமிருக்கும்போதே கேமரா அணையும். பேட்டரியைக் கழற்றி உள்சட்டைப் பையில் வைத்தால், சூடேறியதும் மீண்டும் ஓடும். உதிரி பேட்டரியின் இடமும் அதுவே, தோள்பை அல்ல.

உறைந்த பேட்டரியை உடனே பவர்பேங்கில் செருகக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை, ஜிபிஎஸ், குரல் கட்டளையை அணைத்துவிடலாம். 4கே தெளிவில் நொடிக்கு 60 பிரேமுக்குப் பதில் 1080 தெளிவில் 30 பிரேம் போதும். ஸ்கூபா (கடலடி நீச்சல்) போவோருக்கும் இதே கணக்குதான். கடல்நீரில் வைஃபை அலை சில சென்டிமீட்டரிலேயே மங்கிவிடும்; ஓடவிட்டுப் பயனில்லை. ஆனால் படகில் பேட்டரி மாற்றும்போது தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒற்றை முடி ஒட்டினாலும் கேமராவுக்குள் தண்ணீர்தான்.

வாசகர், ஊட்டி