‘துணை’ என்ற கட்டம் எல்லோருக்குமா?

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. உன் பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததில் உன்னைவிட எனக்குத்தான் நிம்மதி. இனிமேலாவது இரவில் தூங்கு.

ஊழியர்களோடு கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணைக்கும் மருத்துவக் காப்பீடு, விடுப்பு போன்ற சலுகைகளைக் கொடுக்கும் உங்கள் கம்பெனி பாலிசி விஷயத்துக்கு வருகிறேன். “ஆணும் பெண்ணும் என்றால் கல்யாணம் செய்துகொள்ளட்டுமே, தன்பால் இணைகளுக்கு மட்டும் கொடுப்போம்” என்று ஃபைனான்ஸ் தலைவர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொல்லிவிட்டது. வழியில்லாதவர்களுக்கு மட்டும் வழி என்கிறார்.

ஆனால் படிவத்தைக் கையில் வைத்துப் பார். தன்பால் இணைக்கு மட்டும் என்று இருக்கும் கட்டத்தில் டிக் அடித்தாலே ஆள் யார் என்பது பேரோல் பையனிலிருந்து இன்சூரன்ஸ் புரோக்கர் வரை தெரிந்துவிடும். வீட்டிலேயே சொல்லாதவர் ஆபீசில் சொல்வாரா? ஒருவரும் அடிக்க மாட்டார்கள். வருடக் கடைசியில் “பார்த்தாயா, யாருமே கேட்கவில்லை” என்று அவரே சொல்வார். எல்லோருக்கும் பொதுவாக ‘துணை’ என்று ஒரே கட்டம் இருந்தால் டிக் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆக்சிஸ் வங்கி 2021 செப்டம்பரில் ஊழியர்களின் துணைகளுக்கு மெடிக்ளெய்மை, அதாவது மருத்துவக் காப்பீட்டை, திறந்தபோது பாலினம், திருமண நிலை இரண்டையுமே பார்க்காமல்தான் திறந்தது. தவிர, விவாகரத்து வழக்கு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவரிடம் போய்க் ‘கல்யாணம் செய்துகொள்’ என்று எப்படிச் சொல்வது?

உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்பதையும் முதலிலேயே பிரித்துவிடு. குரூப் மெடிக்ளெய்ம், துக்க விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு, இடமாற்றச் செலவு எல்லாம் கம்பெனி நினைத்தால் நாளைக்கே மாற்றலாம். பிஎஃப், பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஈஎஸ்ஐ அப்படியில்லை. அங்கே ‘குடும்பம்’ யார் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பிஎஃப்-இல்தான். குடும்பம் இல்லாத உறுப்பினர் யாரை வேண்டுமானாலும் நாமினி ஆக்கலாம். ஆனால் அவரைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் ‘குடும்பம்’தான். பெற்றோரைத் தாங்கும் பிள்ளை, போர்ட்டலில் குடும்பம் இல்லை என்று போட்டுத் துணையின் பெயரைக் கொடுத்தால், நாளைக்கு அந்த நாமினேஷன் நிற்காது. விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழ்பவருக்கும் இதே கதி. சட்டப்படி மனைவி இன்னும் மனைவிதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழைய நாமினேஷன் செல்லாது என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் செய்யாமல் பாதியில் விட்டவர்கள் கணக்கு தனி. பணிக்கொடையிலும் ஏறக்குறைய இதே விதி. எனவே பாலிசியில் ‘துணையைப் பிஎஃப் நாமினி ஆக்கலாம்’ என்று ஒரு வரி கூட எழுதிவிடாதே. உயில் எழுதச் சொல். சாட்சி இரண்டு பேர் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. தன்பால் இணைகள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், துணையை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று மத்திய அரசின் நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் நாமினி பணத்தை வாங்கி வைப்பவர் மட்டும்தான். வாரிசு என்று யாராவது வந்து நின்றால் உயில்தான் பேசும்.

மெடிக்ளெய்மில் சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பெயர் சேர்க்கும் எக்செல் ஷீட்டில் ‘உறவு’ என்று ஒரு பத்தி இருக்குமே, அங்கே. துணை என்று தனிக் குறியீடு இல்லாததால் யாராவது ‘ஸ்பவுஸ்’ (கணவன் அல்லது மனைவி) என்று போட்டுவிடுவார்கள். ஆண் ஊழியருக்கு ஆண் ஸ்பவுஸ் என்றால் சாஃப்ட்வேரே திருப்பி அனுப்பக்கூடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் கேட்கும்போது டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் நிறுவனம்) திருமணச் சான்றிதழ் கேட்டால், பொய்த் தகவல் என்று க்ளெய்மையே மறுக்கலாம். அதனால் ரினியூவலுக்கு முன்பே ‘துணை’ என்ற வரையறையை எண்டார்ஸ்மெண்டாக, அதாவது காப்பீட்டுப் பத்திரத்தோடு சேர்க்கும் திருத்தமாக, எழுத்தில் வாங்கிவிடு. வாய்வார்த்தையாகப் புரோக்கர் “அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்” என்பதை நம்பாதே. வருட நடுவில் பெயர் சேர்ப்பதற்குத் திருமணத் தேதியைத்தான் கேட்பார்கள். துணைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இவர் என் துணை என்று ஊழியர் உறுதிமொழி கொடுத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் என்று நீயே பேசி வாங்கு.

வரியையும் மறக்காதே. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு விலக்கு தரும் குடும்ப வரையறையில் துணை இல்லை. ஆகவே அது பெர்க்விசிட்டாக, அதாவது வரி கட்ட வேண்டிய சலுகையாக, சம்பளத்தில் ஏறும். துணையின் பங்கு 12,000 ரூபாய் என்றால், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 3,744 ரூபாய் பிடிப்பார்கள். பக்கத்து சீட்டில் மனைவியைச் சேர்த்தவருக்கு ஒரு பைசா கிடையாது. இந்த வித்தியாசத்தைக் கம்பெனி ஏற்குமா என்று இப்போதே கேட்டு வை. இல்லையென்றால் முதல் பே-ஸ்லிப்பில் சண்டை வரும்.

அத்தாட்சி விஷயத்தில் உன் டிராஃப்ட் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு வாடகை ஒப்பந்தம் கேட்டிருக்கிறாய். இரண்டு பேர் பெயரையும் போட்டு வீடு தரும் ஓனர் எத்தனை பேர்? கல்யாணமானவர்களிடம் சான்றிதழ் வாங்காமலே சேர்க்கிறீர்கள் அல்லவா? இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழி போதும். ஏமாற்றுவார்கள் என்று பயந்தால், துணையை மாற்றினால் அடுத்தவரைச் சேர்க்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி போடு. அந்தக் காகிதத்தை யார் பார்க்கலாம் என்று இரண்டே பேரின் பதவியைக் குறிப்பிட்டு எழுதிவிடு.

போர்டில் யாராவது ‘இதெல்லாம் நம்ம ஊர் வழக்கமா’ என்று ஆரம்பித்தால், சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதைக் காட்டு: குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல. டாடா ஸ்டீல் 2019-லேயே தன்பால் துணைகளுக்கு இந்தச் சலுகைகளைக் கொடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல். அவர்களுக்கு நீதிமன்றத்தைவிட அந்தப் பெயர்தான் உறைக்கும்.

எண்டார்ஸ்மெண்ட் வாசகம் வந்ததும் அனுப்பு. ‘ஸ்பவுஸ்’ எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுந்தரி