கேரவன் வரட்டும், நிறுத்த இடம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினாலே, குடும்பத்தோடு கேரவனில் கடற்கரைக்குப் போகலாம் என்று செல்போனில் விளம்பரம் வந்துவிடுகிறது. சினிமாப் படப்பிடிப்புக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்த வண்டி இன்று சாதாரணக் குடும்பத்துக்கும் வாடகைக்குக் கிடைப்பதை நான் மனதார வரவேற்கிறேன். நடக்க முடியாத பெரியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிற பெண்ணுக்கு, படுக்கையும் கழிவறையும் கூடவே வருவது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் அந்த வண்டி ராத்திரி எங்கே நிற்கும், அதில் சேரும் கழிவு எங்கே போகும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பூநாரை பார்க்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டதால், பிப்ரவரி கடைசியில் பழவேற்காட்டுக்கு ஒரு கேரவன் எடுத்தோம். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டி. நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் தனித்தனி. வண்டியில் ஒரு குறையும் இல்லை. மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் சாப்பிட்டோம். எண்பதைத் தாண்டிய என் மாமியார் களைத்தபோதெல்லாம் வண்டியிலேயே படுத்துக்கொண்டார். வேறு எந்த வண்டியிலும் அவரை அவ்வளவு தூரம் கூட்டிப் போயிருக்க முடியாது.

இருட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ஏரிக்கரையில் ஓரமாக நிறுத்தினோம். விடியற்காலையில் படகு இறக்கும் இடம், எடுத்துவிடுங்கள் என்று மீனவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம். சாலையோரம் நிறுத்தினால் ரோந்து வந்த போலீஸ் எடுக்கச் சொன்னது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக, லாரிகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. கரண்ட் எடுக்க வழியில்லாததால் ஏசிக்கு ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியிருந்தது. பக்கத்து லாரியில் படுத்திருந்தவர்கள் சத்தம் தாங்காமல் கேட்டுக்கொண்டார்கள், நிறுத்திவிட்டோம். புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் பிள்ளைகள் தூங்கவே இல்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது காலையில் நடந்தது. இந்த வண்டிகளில் கழிவறைக்கு அடியில் இருபது லிட்டர் போலக் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பெரிய குடும்பம் உபயோகித்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும். டிரைவர் தம்பி ஒரு கால்வாய்ப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கையுறைகூட இல்லாமல் அந்தப் பெட்டியை உருவ ஆரம்பித்தார். வேண்டாம் என்று தடுத்தேன். "வேற எங்கம்மா கொட்டச் சொல்றீங்க? எல்லாரும் இங்கதான் கொட்டுறாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கொட்டுவதற்கென்று ஓர் இடத்தை அவருடைய முதலாளியும் காட்டவில்லை, அரசும் காட்டவில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீடு வரைக்கும் அப்படியே ஓட்டி வரச் சொல்லி, கையுறை கொடுத்து, பாதாளச் சாக்கடை சேம்பரைத் திறந்து அதில் ஊற்ற வைத்தேன்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் எந்த வழியாக வருகின்றன என்று பணிக்காலம் முழுக்கத் தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்று, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். நாம் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு வந்த கழிவு அந்தத் தண்ணீரில்தான் கலக்கும். நாற்றம் தெரியாமல் இருக்கப் பெட்டியில் ஊற்றும் மருந்தும் சேர்ந்தே போகும். வடசென்னைக்காரர்கள் ஏற்கெனவே பட்டது போதாதா? கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதை வருஷக்கணக்காகப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரத்தில் படகையும் வலையையும் கருப்பாக்கியதையும் பார்த்தோம். சுற்றுலா என்ற பெயரில் இன்னொன்று சேர வேண்டாம்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கும் என் மகள், நாங்கள் போயிருந்தபோது ஸ்கெக்னஸ் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அங்கே குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் ஓடாத கேரவன். சக்கரம் இருக்கும், ஆனால் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். இரண்டு மூன்று படுக்கையறை, அடுப்பு, குளியலறை, இரவில் கட்டிலாக விரியும் சோபா என்று ஒரு சின்ன வீடே உள்ளே அடங்கிவிடுகிறது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, ஒரு கேரவனுக்கு இவ்வளவுதான். பள்ளி விடுமுறையில் விலை ஏறும், மற்ற நாளில் நன்றாகவே குறையும். காற்று ஊசியாகக் குத்தியது, கடலில் கால் நனைக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் சுடச்சுட ரசம் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடிந்தது.

என்னைக் கவர்ந்தது அந்த வசதியைவிட அதன் பின்னால் இருக்கும் ஒழுங்கு. 1960-ல் அந்த நாட்டில் போட்ட சட்டப்படி, கேரவன் நிறுத்தும் தளத்துக்கு உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். வாடகைக்கு விடும் கேரவனில் எரிவாயு அடுப்பையும் ஹீட்டரையும் வருஷத்துக்கு ஒருமுறை, பதிவுபெற்ற ஆள் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். ஓடாத கேரவன்களுக்குத் தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் தளத்திலேயே இணைப்பாக இருக்கின்றன. காரின் பின்னால் இழுத்துவரும் கேரவன்களுக்குக் கழிவு கொட்டத் தனித் தொட்டி, அலம்பத் தனிக் குழாய். பக்கத்தில் கேரளத்தையே பார்க்கலாம். 2021-ல் அவர்கள் கொண்டுவந்த கொள்கை வண்டியை மட்டும் பேசவில்லை, கேரவன் பூங்காவையும் சேர்த்தே பேசியது.

நமக்கும் அதுதான் வேண்டும். வசதியான சுற்றுலா எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறது. அந்தச் சாலையில் இருக்கும் கோவளம் கடற்கரைக்கு 2021-ல், சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். வடக்கே எங்களுக்குக் கடல் இருக்கிறது, ஆனால் காசிமேடு தாண்டினால் பல இடங்களில் கரையில் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம். குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்க முடிகிற விலையில் இடம் என்று பார்த்தால் மிகக் குறைவு. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில், பறவைகள் சரணாலயத்துக்கு வெளியே, ஏரிக்கரையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்னத் தளம் போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டி, இரவுக் காவல். வண்டி வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்களுக்காக ஓடாத கேரவன் சிலவற்றையும் அங்கேயே நிறுத்தி வாடகைக்கு விடலாம். சமையலை உள்ளூர் மகளிர் குழுக்களிடம் கொடுக்கலாம். ஏரியில் இன்றைக்கு யார் எங்கே வலை போடுவது என்று பாடு முறை வைத்து மீனவர்கள் தலைமுறைகளாகப் பங்கிட்டு வருகிறார்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

தளம் வரும் வரைக்கும், வாடகைக்கு விடும் நிறுவனங்கள் கழிவை எங்கே கொட்டுகிறோம் என்று ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் எனச் சுற்றுலாத் துறை கட்டாயமாக்கட்டும். கழிவுநீர் லாரிகளைச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஏற்பது போல இந்தப் பெட்டிகளையும் குடிநீர் வாரியம் ஏற்க வேண்டும். டிரைவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் முதலாளி தர வேண்டும். இந்தக் கோடையில் கேரவன் எடுக்கப்போகும் வாசகர்கள், ஏசி எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்னால், ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள், பெட்டியை எங்கே காலி செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை.